துண்டுக்கடியில் பேசிய கட்டி

கதிர்வீச்சு மெஷின் இயக்குகிறவர்களின் வேலையில் ஒரு விசேஷம் உண்டு: நோயாளியைப் படுக்கவைத்து, "பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, நாம் மட்டும் வெளியே ஓடிவந்து கதவைச் சாத்திக்கொள்வோம். மைசூரில் பன்னிரண்டு வருஷமாக ஓடுகிறேன். என்னோடு ஓடுகிறவர்களே, உங்களுக்கும் ஒரு பழனிசாமி வாய்த்திருப்பார்.

முகமூடி

பழனிசாமி ஹனூர்க்காரர், மாட்டுச் சந்தையில் தரகர். குரல்வளையில் கட்டி. வெட்டி எடுத்தால் பேச்சு போய்விடும் என்பதால் முதலில் கதிர்வீச்சு. தலை அசையாமலிருக்க, முகத்துக்கு அச்செடுத்த பிளாஸ்டிக் வலையை மாட்டி மேஜையோடு பூட்டினேன். கழற்றியதும் கரகரத்த குரலில் சொன்னார்: "ஏனுங் தம்பி, லாடம் அடிக்கறப்பக்கூட மாட்டை நாங்க இப்படிக் கட்ட மாட்டமுங்க."

அமாவாசை

மூன்றாவது வாரம் இரண்டு நாள் ஆளைக் காணோம். அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போயிருக்கிறார். இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்றுச்செல்கள் தேறிக்கொண்டு முன்னைவிட வேகமாகப் பெருகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். கோபத்தில் கத்திவிட்டேன். அவர் மனைவி சரசம்மா விபூதியை நீட்டியபடி கேட்டார்: "போன வாரம் உங்க மெஷினு ரிப்பேராகி மூணு நாள் நின்னுதே, அப்ப கட்டி லீவு போட்டுதுங்களா?"

துண்டு

சிகிச்சை முடிந்து பார்த்தால் கட்டி பாதிதான் கரைந்திருந்தது. விட்டுப்போன நாட்கள்தான் காரணமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. கதிர் பட்டதும் சில புற்றுச்செல்கள் 'சாகாதே, உடைந்ததை ஒட்டு, பெருகு' என்று தமக்குள்ளும் பக்கத்துச் செல்களுக்கும் சேதி அனுப்புமாம். அதைத் தடுக்கத்தான் வாராவாரம் ஊசியும் போட்டிருந்தோம். சேதி வேறு வழியில் போய்விட்டது. இனி குரல்வளையை எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார் டாக்டர்.

சரசம்மா அழுதார். சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தே ரகசியமாக விலை பேசிப் பழகிய பழனிசாமிக்கு விஷயம் சட்டென்று புரிந்தது. "அதுங்களும் துண்டுக்கடியிலதான் பேசுதுங்கன்னு சொல்லுங்க."

அஞ்சு விரல்

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். கழுத்தில் துளை, பேச்சில்லை. அந்த இரண்டு நாளுக்காகக் கத்தியது எனக்கு அன்றுவரை உறுத்திக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, ஐந்து விரலையும் அழுத்தினார். புரியாமல் விழித்தேன். சரசம்மாதான் சொன்னார்: "இந்த வாரம் அஞ்சு மாட்டுக்கு வெலை முடிச்சுக் குடுத்தாருங்க. சந்தையில பாதிப் பேருக்கு இவருக்குப் பேச்சு போனதே இன்னும் தெரியாதுங்க."

நான் மட்டும் இன்னும் "பயப்படாதீங்க" என்று வாயால் சொல்லிவிட்டு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறேன்.