உத்திரமேரூரில் மூன்றாவது சூப்பர்நோவாவைக் கேட்டார்கள்

காலை 6.20. தாம்பரத்தில் செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறினேன். கட்டணம் எட்டரை ரூபாய். பையில் எங்கள் குழுவின் ஆய்வுக் கட்டுரை நகல் ஒன்று இருந்தது. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ரத்தம் கொதித்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்பந்தப் பணியில் இருந்தேன். படித்தது புள்ளியியல். பார்த்த வேலை, வெளிநாட்டுத் தொலைநோக்கிகள் பதிவு செய்த சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, அட்டவணையாக்கிக் கணக்குப் போடுவது. அவற்றில் ஒரு வகை, ஒரே வாட் பல்புகளைப் போல ஏறக்குறைய ஒரே அளவு ஒளி தருபவை. எவ்வளவு மங்கித் தெரிகிறதோ அவ்வளவு தூரம். தொலைவில் உள்ளவை எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்ததால்தான், பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்றார்கள். அந்த வேகத்துக்குக் காரணமானதைக் கரும் ஆற்றல் என்றார்கள். மற்றவர்கள் சொல்வதைவிட அது குறைவு என்பது எங்கள் பேராசிரியரின் கட்சி.

அதை விளக்கி ஒரு தமிழ் அறிவியல் இதழில், அட்டவணையோடு, நான் எழுதியிருந்தேன். உத்திரமேரூரிலிருந்து ஷமீம் என்பவர் நான்கு பக்கத்தில் பதில் எழுதினார். அளவுக்கு மீறி மங்கலானவை என்று மூன்றை நீக்கியிருக்கிறீர்கள், அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருப்பவற்றில் ஒன்றைக்கூட ஏன் நீக்கவில்லை என்று கேட்டிருந்தார். வழியில் இருக்கும் விண்மீன் கூட்டங்களின் ஈர்ப்பு, கண்ணாடி வில்லையைப் போல ஒளியைக் குவிக்கும். அதனால் ஒருசில மட்டும் மிகப் பிரகாசமாகத் தெரியும், மீதி எல்லாம் கொஞ்சம் மங்கும். அத்தனையையும் சேர்த்தால்தான் சராசரி சரிப்படும் என்பது அவர் வாதம். அதில் ஓர் ஓட்டைகூட இல்லை.

பேராசிரியர் கடை முகவரி போட்டிருந்த முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "கடையில் உட்கார்ந்து பொழுது போகாமல் எழுதுகிறார்கள்" என்று மேசையில் போட்டார். எட்டு மாதம் கழித்து எங்கள் கட்டுரை ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. ஐந்தாம் பக்கத்தில் ஷமீமின் வாதம் முழுசாக இருந்தது. நன்றி சொன்ன பட்டியலில் பதினொரு பெயர்கள், அவர் பெயர் இல்லை. கட்டுரையை எழுதியவர்களில் மூன்றாவது பெயர் என்னுடையது.

8.05. செங்கல்பட்டில் தனியார் பேருந்துக்கு மாறினேன். உத்திரமேரூருக்கு முப்பது கிலோமீட்டர், பதினோரு ரூபாய். புக்கத்துறை கூட்டுரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓட்டுநர் டீ குடிக்கப் போனார். அரை மணி நேரம் ஆயிற்று. நடத்துநரிடம் சத்தம் போட்டேன்.

"இன்னா சார், காலங்காத்தால பேஜார் பண்ணிக்கினு கீற. வண்டி ரொம்பினாதான் எடுப்பாங்கோ. கல்வெட்டு பாக்கத்தான போற? அது எங்கயும் ஓடிப்பூடாது."

கல்வெட்டுப் பார்க்க வரவில்லை என்றேன். பேன்ட் போட்டுக்கொண்டு இந்த ஊருக்கு வேறெதற்கு வருவார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

9.50. கடைத்தெரு. விசாரித்ததும் காட்டினார்கள். ஒயர், ஃபேன், டியூப்லைட் விற்கும் சிறிய கடை. கல்லாவில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். தலையில் முக்காடு, காதில் பேனா. ஒரு விவசாயிக்கு மோட்டார் கப்பாசிட்டர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஷமீம். தபால் வழியில் புள்ளியியல் எம்.எஸ்ஸி. முடித்தவர். பின்னால் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த அவருடைய தந்தையை ஊரில் எல்லோரும் பாய் என்றார்கள்.

நான் பெயரைச் சொன்னதும், "நீங்களா சார்? ஒரு வரி பதில் போடலையே" என்றார். கட்டுரையைக் கொடுத்தேன். ஐந்தாம் பக்கத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். இது அநியாயம் என்றேன். பேராசிரியரைத் திட்டினேன். நான் நல்லவன் என்று அவர் நினைக்க வேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பாய் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "எம்பொண்ணு எய்தினத எத்துக்கினு அவுங்க பேர போட்டுக்கினாங்களா? படிச்சவங்கோ பண்ற வேலையா இது?"

"அத்தா, கொஞ்சம் இருங்க. பேரு அப்புறம்." ஷமீமின் விரல் அட்டவணையில் நின்றிருந்தது. "சார், நீங்க நீக்குன மூணையும் கேட்டேன். ரெண்டுதான திரும்பி உள்ள வந்துகீது. மூணாவது எங்க?"

அது பதிவான இரவு மேகமூட்டம், அளவீடு நம்பகமில்லை என்று கட்டுரையில் சொல்லியிருந்ததைச் சொன்னேன்.

அவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகத் தேதியைப் பார்த்தார். பதினேழாவது வரியில் நிறுத்தினார். "இதுவும் அதே ராத்திரி, அதே தொலைநோக்கி. இது மட்டும் எப்படி நம்பகம்? பளிச்சுனு கீதுன்னு வச்சிக்கினீங்களா?"

அந்த அட்டவணையைச் செய்தவன் நான். மூன்றாவதைச் சேர்த்தால் முடிவு கலைந்துவிடும் என்று பேராசிரியர் சொன்னபோது தலையாட்டியவனும் நான். ஒரு பெயர் விடுபட்டதற்கு இவ்வளவு ஆத்திரப்பட்டு வந்தேன். உண்மையே விடுபட்டதற்கு எனக்கு ஏன் கோபம் வரவில்லை?

ஷமீம் கடைக் கால்குலேட்டரை இழுத்துக்கொண்டார். நான் எண்களைச் சொல்லச் சொல்ல அவர் போட்டார். நடுவே இரண்டு பேர் ஹோல்டரும் ஃப்யூஸ் கம்பியும் வாங்கிப் போனார்கள். துல்லியத்துக்குக் கணினி வேண்டும், தோராயத்துக்கு அது போதும். மதியம் பன்னிரண்டரைக்கு விடை வந்தது. மூன்றாவதையும் சேர்த்தால், கரும் ஆற்றல் குறைவு என்று எங்கள் கட்டுரை அடித்துச் சொன்னதைச் சொல்லவே முடியாது. குறைவாகவும் இருக்கலாம், மற்றவர்கள் சொல்லும் அளவாகவும் இருக்கலாம்.

"தெரியலைன்னு எழுதறதுல உங்களுக்கு இன்னா சார் கஷ்டம்?" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்திருந்தது. "வானத்த அளக்கறேன்னு சொல்லிக்கினு, கண்ணு முன்னால கீறத மறைப்பீங்களா?"

பாய் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தார். சாப்பிட்டு முடித்ததும், ஆய்விதழின் ஆசிரியருக்கு இதை எழுதியாக வேண்டும் என்றேன்.

"உங்க வேல போயிடுமா?"

"போகலாம். மனைவிக்கு இது ஆறாம் மாசம்."

"அப்ப நீங்க வேணாம் சார். நான் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை என்னை அடித்ததுபோல இருந்தது. மறைத்தவன் சும்மா இருக்க, கண்டுபிடித்தவர் தனியாகப் போய் நிற்பதா? அவர் கடிதத்தையும் அவர்கள் குப்பையில்தான் போடுவார்கள். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வாசகம் தயாரித்து, வெள்ளைத்தாளில் ஆங்கிலத்தில் எழுதினோம். விடுபட்ட அளவீடு, அதே இரவில் எடுத்த மற்றொன்று, மாறும் விடை. முதல் கையெழுத்து அவருடையது. அடுத்தது என்னுடையது.

2.40. அஞ்சலகம். "ஃபாரினுக்கு ரிஜிஸ்டர் தபாலா? யாருக்கும்மா?" என்று எழுத்தர் கேட்டார்.

"கணக்குல ஒரு தப்பு சார், சொல்லணும்" என்றார் ஷமீம். ரசீதை என்னிடம் தராமல் தானே பையில் வைத்துக்கொண்டார். என்னை முழுதாக நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான்.

3.30. திரும்பும் பேருந்து. ஏரிக்கரை ஓரம் நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் நிறுவனத்தில் அந்தக் கட்டுரையை அச்சுக்கு முன் ஒன்பது முனைவர்கள் படித்தார்கள். குளிர்ப்பதன அறை, வேகமான கணினி, கேட்ட புத்தகம் கேட்ட நேரத்தில். ஒருவர்கூடத் தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பிடத் தெரியாமல் இல்லை, விடை பிடித்திருந்தது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்ப்பதைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே என்று செங்கல்பட்டு வரை மனம் ஆறவில்லை.

அடுத்த மாதமே விஷயம் தெரிந்து பேராசிரியர் என்னோடு பேச்சை நிறுத்தினார். ஜூனில் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. மகள் பிறந்தபோது வேலையில்லாமல் இருந்தேன். பிறகு ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். மறு ஆண்டு ஆய்விதழ் எங்கள் கடிதத்தை ஒரு பக்கத் திருத்தக் குறிப்பாக வெளியிட்டது. இரண்டு பெயர்கள், ஷமீமுடையது முதலில். நகலைத் தபாலில் அனுப்பினேன்.

பத்து நாளில் அஞ்சலட்டை வந்தது. "குறிப்பு சரியாக வந்திருக்கிறது. எண்களைச் சரிபார்த்துவிட்டேன். என் பெயரில் மட்டும் ஓர் ஆங்கில எழுத்து தப்பு. அதையும் திருத்தச் சொல்லுங்கள்."

அன்று மாலையே ஆய்விதழுக்கு எழுதினேன்.