ஆவுடையப்பனின் இரண்டாம் மட்டம்

பிசிக்ஸ் வாத்தியார் பர்னபாஸுக்குக் கணக்கில் பிழை பொறுக்காது. பிறத்தியார் பிழை மட்டும் கொஞ்சம் இனிக்கும். பாளையங்கோட்டை காலேஜில் முதல் மார்க் அவர்தான். ஆனால் பெங்களூருக்கு ஆராய்ச்சிக்குப் போனது இரண்டாம் மார்க் ஆவுடையப்பன். பர்னபாஸின் அப்பா தோணியோடு மூழ்கிய வருஷம் அது. வீட்டுக்கு உடனே ஒரு சம்பளம் வேண்டியிருந்தது.

1946-இல் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஆவுடையப்பனின் கட்டுரை தபாலில் வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் அச்சுக்குப் போகிறது, கணக்கை ஒருதடவை பார்த்துத் தா என்று எழுதியிருந்தான்.

விஷயம் மீதைல் ஆல்கஹால். அதன் மூலக்கூறு கிட்டத்தட்ட சமச்சீரான பம்பரம். நுங்கின் மூன்று கண் மாதிரி மூன்று ஹைட்ரஜன் பதிந்த தலை, மறுபாதிக்கு எதிராக முறுக்கிக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு ஏறிக் கடக்க மூன்று மேடு. அதனால் தாராளமாகச் சுழலவும் முடியாது, சும்மா கிடக்கவும் மனசு வராது. பர்னபாஸுக்கு அதன்மேல் சொந்தக்காரப் பாசமே வந்துவிட்டது. முறுக்கலின் ஒவ்வொரு ஆற்றல் மட்டமும் ஓர் ஒற்றை, ஓர் இரட்டை என்று பிளக்கும். முதல் மட்டத்தில் ஒற்றை கீழே. இரண்டாவதில் வரிசை தலைகீழ். ஆவுடையப்பன் இரண்டிலும் ஒற்றையையே கீழே வைத்திருந்தான்.

அன்று பர்னபாஸ் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 'எல்லாம் சரி' என்று எழுதவில்லை, பொய் சொல்லக் கூடாதே. பதிலே போடவில்லை. அச்சில் வரட்டும், படித்தவன் சிரிக்கட்டும்.

இடையில் பெரிய வெள்ளி வந்தது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் ஈஸ்டர் பூசையில் நன்மை அப்பம் வாங்க முடியாது. வாங்காவிட்டால் தெரு முழுக்க மனைவி கிளாடிஸிடம் காரணம் கேட்கும். அவளுக்குப் பயந்து போய் முழங்காலிட்டார்.

"சாமி, ஒருத்தன் தப்புப் பண்ணியிருக்கான்."

"அது அவன் பாவம். ஒம் பாவத்தைச் சொல்லுடே."

"அவன் தப்பைப் பாத்து எனக்குச் சந்தோசம் வருது சாமி. அவன்கிட்டச் சொல்லாம வச்சிருக்கேன். அதான் பாவம்."

 சாமியார், முதலில் அவனுக்குக் கடுதாசி போட்டுவிட்டு வா, பாவமன்னிப்பெல்லாம் அப்புறம் என்றார். பர்னபாஸ் நிரூபணத்தோடு நான்கு பக்கம் எழுதினார். சாமியார் சொன்ன தவத்துக்குக் கால் பக்கம் போதும். மீதி மூன்றே முக்கால் பக்கம் சொந்த ஆசை.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'நீ சொன்னதுதான் சரி. உன்னால் என் மானம் தப்பியது. கட்டுரையில் என் பேருக்குப் பக்கத்தில் உன் பேரையும் போட்டுவிட்டேன்.'

கிளாடிஸ் அதைத் தெருவெல்லாம் வாசித்துக் காட்டினாள். பர்னபாஸ்தான் அன்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த வருத்தத்துக்கு இருந்த ஒரே நியாயத்தையும் பாவி பறித்துக்கொண்டான். நல்லவனாக வேறு இருக்கிறானே.

கட்டுரையை மறுபடி எடுத்து, மூன்றாம் மட்டத்திலிருந்து பென்சிலோடு பார்க்கத் தொடங்கினார்.