மீன்வளமாவது வாங்கிக்கச் சொல்லுங்கோ

எம்.எல்.ஏ.வுக்கு உதவியாளர் என்றால் பாதி வேலை போன் எடுப்பது, மீதி வேலை "அக்கா மீட்டிங்ல இருக்காங்க" என்று சொல்வது. இப்படிப் போன் எடுத்தே காது மரத்துப்போன சகாக்களே, கூட்டணி ஆட்சி அமைந்த வாரத்தில் நான் பட்டதைக் கேளுங்கள்.

முன்கூட்டியே சால்வை

எங்கள் அக்கா சின்னக் கட்சிக்காரர். பெரிய கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்காததால் எங்களுக்கு இரண்டு அமைச்சர் பதவி என்று பேச்சு. அக்காவுக்கு வேளாண்மைதான் என்று முடிவு கட்டி, தொட்டியத்து வாழை விவசாயிகள் வேன் பிடித்து ஸ்ரீரங்கம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். விலை விழும் நாளில் தார் அழுகாமல் வைக்க ஒரு குளிர்பதனக் கிடங்கு வேண்டுமென்று பல வருஷமாகக் கேட்பவர்கள். "இன்னும் அறிவிக்கலையே" என்று அக்கா கூச்சப்பட்டார். அவர்களில் மூத்தவரான செல்வராஜ் அண்ணன் சால்வையைப் போர்த்தியபடியே சொன்னார்: "பதவி வரலைன்னாலும் திருப்பிக் கேக்க மாட்டோம், போட்டுக்கங்க."

கடல் இல்லாத ஊர்

மறுநாள் சென்னையிலிருந்து எங்கள் கட்சித் தலைவர் பேசினார். வேளாண்மையைப் பெரிய கட்சி விடவில்லையாம். எங்களுக்குக் கைத்தறியும் மீன்வளமும். அதில் அக்காவுக்கு மீன்வளம். "திருச்சியில மீன் மார்க்கெட்தானே இருக்கு, கடல் ஏதுங்கய்யா?" என்ற அக்கா, யோசிக்க ஒரு மணி நேரம் கேட்டார். பக்கத்து வீட்டு வரதன் மாமா, ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "பெருமாளே மத்ஸ்யாவதாரம் எடுத்திருக்கார். பேஷா வாங்கிக்கச் சொல்லுங்கோ."

கணக்கு மாறியது

அந்த ஒரு மணி நேரத்துக்குள் தலைவரிடமிருந்து மறுபடி போன் வந்துவிட்டது. திருச்சி மாவட்டத்துக்குப் பெரிய கட்சியிலேயே இரண்டு அமைச்சர்கள். கடலோர மாவட்டத்துக்கு ஒருவருமில்லை. மீன்வளம் அங்கே போய்விட்டது.

நான் சார்ஜரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். பதவியேற்புக்கு எடுத்த பட்டுப்புடவை பிரிக்காமல் சோபாவில் கிடந்தது. அக்காவின் குரல் உடைந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. "சரிங்கய்யா, சண்டை போட மாட்டேன். ஆனா வாழைக் கிடங்கைக் கூட்டணி ஒப்பந்தத்துல சேத்தாத்தான் ஆதரவுக் கையெழுத்து."

தலைவர் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது: "இதுக்கு நீ மந்திரி பதவிக்கே அடம் புடிச்சிருக்கலாம்மா."

கல்வெட்டு

கிடங்கு வந்துவிட்டது. திறந்தவர் வேளாண்மை அமைச்சர். கல்வெட்டில் அவர் பெயர் பெரிதாக மேலே. 'முன்னிலை' என்று அக்கா பெயர் பொடி எழுத்தில் கீழே. விழா முடிந்ததும் முதல் லோடை இறக்கியவர்கள், கல்வெட்டின் மேல் விளிம்பிலேயே ஒரு தாரைக் கட்டித் தொங்கவிட்டார்கள். "அண்ணே, மந்திரி பேரே தெரியலை, நகத்துங்க" என்று பதறினேன். செல்வராஜ் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்: "கீழ நம்ம அக்கா பேரு தெரியுதுல்ல, போதும்."

அமைச்சரின் உதவியாளராகியிருந்தால் கார் வந்திருக்கும். இன்றும் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போகிறேன், சீட் கிடைக்காதவர்கள் கூட்டணியில் நிரந்தர உறுப்பினராக.