மூடிய காரின் மூக்கில் ஒரு புடைப்பு

கோபம் வந்தால் நான் கத்துவதில்லை, பட்டியல் போடுவேன். அந்தத் திங்கட்கிழமை மாலை தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்து தட்டிய பட்டியல் இன்னும் என் போனில் இருக்கிறது. ஒன்று, நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை, திருடிச் சொன்னதாக ஆக்கிவிட்டார்கள். இரண்டு, நான் சொல்லாத ஒன்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று, வியாழக்கிழமைக்குள் இவை இரண்டையும் நிரூபிக்காவிட்டால் என் வேலை போகும்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவை அறையில் வேலை பார்க்கிறேன். கதவுக் கைப்பிடி, விளக்கின் பிளாஸ்டிக் கூடு, இப்படி அச்சிலிருந்து வருகிற எதையும் மேசைமேல் வைத்து, வரைபடத்தில் உள்ள அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். சேர்ந்த முதல் நாளே, உள்ளே பார்ப்பதை வெளியே பேசமாட்டேன் என்று நான்கு பக்கங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மூன்று வருடங்களில் அந்தக் கையெழுத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை.

வீடு வடமாலபேட்டையில். திருப்பதியிலிருந்து சென்னைக்குப் போகும் சாலை எங்கள் தெருமுனையைத் தொட்டுக்கொண்டு போகிறது. புதிதாக வரப்போகும் கார்களை வெள்ளோட்டம் விடுகிறவர்கள் அடையாளம் தெரியாதபடி கறுப்பு வெள்ளைச் சுழிகள் போட்ட தாளை வண்டி முழுக்க ஒட்டி, மூக்குக்குத் துணி கட்டி, இந்தச் சாலையில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். எனக்குக் கார்கள் பிடிக்கும். அதிலும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, நீளமான முன்பக்கம், தரையோடு தரையாக உட்காரும் உடம்பு. கல்லூரியில் படிக்கும்போது திருப்பதியில் மலையடிவாரத்தில், பூஜைக்கு வந்த பழைய மாடல் ஒன்று வேகத்தடையில் வயிறு தட்டி நின்றுபோயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து அதன் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் ஒவ்வொரு வளைவையும் யோசித்துப் போட்டிருக்கிறார் என்பது தெரிந்தது. அன்றிலிருந்து அந்தக் கார்தான்.

அதன் வடிவத்தை முழுக்க மாற்றி மறுபடி கொண்டுவரப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும், திருப்பதிக் கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. சைலன்சர் குழாய் இரண்டா நான்கா, பின்விளக்கு பழையபடி வட்டமாக வருமா, கையால் போடும் கியர் இருக்குமா, எடுத்துவிடுவார்களா. விடிந்தால் சண்டை. குழுவின் அட்மின் திருப்பதியில் கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை வைத்திருப்பவர். கியரை எடுத்துவிட்டால் மொட்டை அடித்துக்கொள்வதாக அறிவித்தார். திருப்பதியில் இருந்துகொண்டு இது ஒரு பந்தயமா என்று ஒருவர் கேட்டார். நானும் சிரித்தேன். அதுவரை எனக்கு அந்தக் குழு பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கார் எங்கள் தெருமுனையைக் கடந்து போனது. பக்கவாட்டில் ஒரு படம், முன்னால் ஒரு படம் எடுத்தேன். அடுத்த ஞாயிறும் வந்தது. மறுபடி எடுத்தேன். டயரின் பக்கத்தில் அதன் அளவு எழுதியிருக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் படிக்கலாம். அந்த ஒரு எண் போதும். அதையே அடிக்கோலாக வைத்து சக்கரத்துக்குச் சக்கரம் எவ்வளவு தூரம், கூரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதையெல்லாம் கணக்கிட்டுவிடலாம். இரண்டு மாலைகள் உட்கார்ந்து கணக்கிட்டு, ஐந்து குறிப்புகளாகக் குழுவில் போட்டேன். சக்கர இடைவெளி பழையதைவிட நாற்பது மில்லிமீட்டர் கூடுதல், இரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், இப்படி. ஐந்தாவது குறிப்பு, மூக்குத் துணியின் நடுவில் தெரிந்த சின்னப் புடைப்பைப் பற்றி. அதற்கு நேராக ‘தெரியவில்லை’ என்று எழுதினேன்.

யாரும் நம்பவில்லை. போட்டோவில் ஸ்கேல் வைத்து அளக்கிறாளாம் என்றார் ஒருவர். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிற மாதிரியா என்றார் இன்னொருவர். முப்பது சிரிப்பு முகங்கள். அங்கேதான் நான் தப்பு செய்தேன். ‘அளப்பதுதான் என் தொழில், கார் பாகத் தொழிற்சாலையில் அளவை அறையில் இருக்கிறேன்’ என்று எழுதிவிட்டேன். ஒரு வரிதான். அதை எழுதியது நான்தான். அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை ஒரு கார் சேனலில் வீடியோ வந்தது. என் ஐந்து குறிப்புகளும் அப்படியே இருந்தன. கணக்கு மட்டும் காணவில்லை. அதற்குப் பதிலாக, ‘தொழிற்சாலைக்குள் வேலை செய்யும் பெண் இன்ஜினியர் உறுதிசெய்த தகவல்’ என்று இருந்தது. ஐந்தாவதில் ‘தெரியவில்லை’ போய், ‘முன்னால் போகும் வண்டியைக் கண்டறியும் ரேடார், உறுதி’ என்று ஆகியிருந்தது. வீடியோவின் அடியில் அட்மினுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை மதியம் தரப்பிரிவு மேலாளர் கூப்பிட்டார். அந்தக் காருக்கு நாங்கள் ஒரு திருகாணிகூடச் செய்வதில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால் எங்களிடம் பாகம் வாங்கும் கம்பெனிகள் இந்த வீடியோவைப் பார்த்தால், இங்கிருந்து இரகசியம் கசிகிறது என்றுதான் நினைக்கும். பெண் இன்ஜினியர் என்றால் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டார். வியாழக்கிழமை எழுத்தில் விளக்கம் வேண்டும், திருப்தி இல்லையென்றால் அன்றைக்கே கணக்கு முடித்துவிடுவோம் என்றார்.

அன்று மாலையே பேருந்திலிருந்து இறங்கி திருப்பதிக்குப் போனேன். கடையில் அட்மின் ஒரு காருக்கு சீட் கவர் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். வாங்க வந்திருந்தவர் என்னைப் பார்த்து, “இவங்கதானா அந்த ரேடார் அக்கா?” என்றார். ஆக, எனக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

நான் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“இன்னா சிஸ்டர், இதுக்குப் போயி டென்ஷன் ஆவுறீங்க. ஊரிகே, சும்மா ஒரு பில்டப் குடுத்தேன், அவ்ளோதான்.”

“தெரியலைன்னு எழுதியிருந்தேன். அதை எதுக்கு மாத்துனீங்க?”

“தெரியலன்னு போட்டா எவன் பாப்பான்?”

உள்ளே இருக்கும் பெண் என்பதும், ரேடார் என்பதும் தன் வார்த்தைகள் என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அவர் சீட் கவரை மடித்து வைத்தார்.

“எழுத்துல எல்லாம் வேணாம் சிஸ்டர், என் பேரு கெட்டுப் பூடும். உங்க மேனேஜர் நம்பர் குடுங்க. நம்ம வூட்டுப் பொண்ணு, வுட்டுடுங்கன்னு நான் பேசிக்கிறேன்.”

அவர் வீட்டுப் பெண்ணாக மன்னிக்கப்படுவதற்காக நான் அவ்வளவு தூரம் வரவில்லை. அவருடைய பெயர் எழுத்தில் கெட்டுப்போகுமாம். என் பெயரை எழுத்தில்தானே கெடுத்தார். இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.  

வீட்டுக்கு வந்து படங்களை மறுபடி திறந்தேன். முன்பக்கப் படத்தில் நம்பர் பிளேட் இருக்கிறது. அதன் அகலம் இந்த நாட்டில் எல்லாக் கார்களுக்கும் ஒன்றே. அதை வைத்துப் புடைப்பை அளந்தேன். முதல் ஞாயிறு, நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். இரண்டாவது ஞாயிறு, முப்பத்தைந்து. மூன்று முறை அளந்தேன். ஏழு நாளில் ஏழு மில்லிமீட்டர் சுருங்கும் ரேடார் உலகத்தில் கிடையாது. பிளேட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். குங்குமம்.

மறுநாள் காலை பேருந்துக்கு முன்னால் சாலையோரத்து அம்மன் கோயிலுக்குப் போனேன். லாரிக்காரர்கள் நிறுத்தி எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு போகும் கோயில் அது. பூசாரிக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். படத்தைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

“மூஞ்சிக்குத் துணி கட்டிக்கினு வந்துதே, அதுவாமா? டிரைவரு நம்ம பிச்சாட்டூரு ஆளுதான். மேல எதுவும் கட்டக்கூடாது, தெரிஞ்சா வேலை பூடும்னான். பழம் இல்லாம வண்டி எடுக்கவும் மனசு வரல அவனுக்கு. அப்போ உள்ள கட்டிக்கினு போன்னு நான்தான் துணியத் தூக்கி முடிஞ்சி வுட்டேன்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. நான்கு நாளாக ஒரு மாநிலமே ரேடார் என்று அடித்துக்கொண்டது காய்ந்து சுருங்கும் ஒரு எலுமிச்சம்பழத்துக்காக. அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது.

“யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. ரெண்டு புள்ளைங்க இருக்குது அவனுக்கு.”

வேலைக்குப் போகும் வழியெல்லாம் கோபம். எனக்குத் தேவையான ஆதாரம் கையில் கிடைத்தது. அது இன்னொருவருடைய வேலைக்கு வேட்டாகவும் இருந்தது. பொய் சொன்னவர் கடையில் சீட் கவர் விற்றுக்கொண்டிருக்கிறார். பழம் கட்டிக்கொண்டவரும் பழத்தை அளந்தவளும் வேலைக்குப் பயந்துகொண்டிருக்கிறோம். (டிரைவரின் ஊரை இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

வியாழக்கிழமை படங்களையும் கணக்கையும் அச்செடுத்துக் கொண்டுபோனேன். மேலாளரிடம் ஒரு எஃகு ஸ்கேலைக் கொடுத்து, நீங்களே அளந்து பாருங்கள் என்றேன். அவரும் அளவைக்காரர்தான். அரை மணி நேரம் அளந்தார். முதல் நான்கு குறிப்புகளும் படத்திலிருந்தே வந்துவிட்டன. ஐந்தாவதில் அவருக்கு நாற்பத்தொன்றும் முப்பத்தைந்தும் வந்தது. இது கருவியே இல்லை, சுருங்குகிறது, உள்ளே இருக்கும் யாரும் இதை ரேடார் என்று சொல்லியிருக்க மாட்டார்கள், எனவே சொன்னது உள்ளே இருக்கும் ஆள் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ இது என்னம்மா?”

“தெரியலை சார்.”

குழுவில் அந்த வார்த்தையை எழுதியபோது அது உண்மையாக இருந்தது. யாரும் நம்பவில்லை. இப்போது சொன்னது பொய். அவர் உடனே நம்பிவிட்டார்.

வேலை போகவில்லை. ஆனால் கையெழுத்துப் போட ஒரு தாள் வந்தது. தொழிற்சாலை விஷயம் பேசமாட்டேன், வேலை செய்யும் இடத்தைக் குறிப்பிடமாட்டேன், கார்களைப் பற்றிய எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளமாட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கம்மா இந்தக் கார் பைத்தியம் என்று மேலாளர் அன்பாகத்தான் கேட்டார். அளவை அறையில் இருக்கும் ஆண்களில் ஐந்து பேர் அதே மாதிரிக் குழுக்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இந்தத் தாள் உண்டா என்று கேட்டேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். மூன்றாவது வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நான் அடித்த கோட்டை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தாளைக் கோப்பில் வைத்தார்.

குழுவிலிருந்து நான் விலகவில்லை. விலகினால் மூன்றாவது வரிக்கு நானே கையெழுத்துப் போட்டதாக ஆகும்.

அந்த ஞாயிறு கார் மறுபடி போனது. படம் எடுத்தேன். மூக்கின் புடைப்பு, நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். புதுப் பழம். குழுவில் வேறு யாரோ எடுத்த படமும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அதன் கீழே அட்மின் எழுதியிருந்தார், ரேடாரைப் பெரிதாக்கிவிட்டார்கள், நான் முன்பே சொன்னேன் என்று. ரேடார் அக்கா என்ன சொல்கிறார் என்று ஒருவர் கேட்டார்.

பழத்தின் பெயரை முழுதாகத் தட்டினேன். விரல் அனுப்பும் அம்புக்குறியின்மேல் நின்றது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, ‘தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பினேன். முப்பது சிரிப்பு முகங்கள் வந்தன. எண்ணிப் பார்த்தேன்.