மெஹர் பானு எழுதிய இரண்டு கட்டுரைகள்

செஞ்சி கடைத்தெருவில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிற ரசூலை எல்லாருக்கும் தெரியும். அவன் மனைவி மெஹர் பானு பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்பது ரொம்ப நாள் யாருக்கும் தெரியாமல் இருந்தது. விழுப்புரத்திலிருந்து வருகிற சின்ன மாதப் பத்திரிகை. சாதி, மதம் என்று மற்றவர்கள் தொடத் தயங்குகிறதைத்தான் அதில் போடுவார்கள். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் பேசுவது பானுவுக்குப் பிடித்திருந்தது.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற கலைச்செல்விதான் மினி பஸ் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு அனந்தபுரத்தைத் தாண்டி ஒரு கிராமம், அதில் காலனி. பஸ்ஸுக்குக் காலனி வரைக்கும் பர்மிட் உண்டு. ஆனால் ஊர்ப் பிள்ளையார் கோயிலோடு திரும்பிவிடும். காலனிக்காரர்கள் வெயிலில் நடந்து வந்துதான் ஏற வேண்டும்.

"ரோடு சரியில்லையா?"

"தார் ரோடுக்கா. லாரி போவுது, டிராக்டர் போவுது. பஸ்ஸு மட்டும் வராது. கேட்டா டீசலுக்குக் கட்டுபடியாவலன்னு இன்னா இன்னாவோ சொல்றாங்க."

பானு போனாள். டிரைவர் முகம் கொடுத்தே பேசவில்லை. கோயில் எதிரே டீக்கடையில் அரங்கநாதன் என்ற விவசாயிதான் அவளுக்கு நாற்காலி போட்டு, டீ சொல்லிவிட்டு, விஷயத்தையும் சொன்னார்.

"காலனிக்குப் போய்ட்டு வந்தா அங்கியே சீட்டு ரொம்பிடும்மா. அப்புறம் நம்ம பொம்பளைங்க நின்னுக்கிட்டுப் போவணும். அவங்க உக்காந்திருக்க நாங்க நிக்கறதா? அதான் இங்கியே திருப்பச் சொல்லிட்டோம்."

"நீங்க சொன்னதா எழுதலாங்களா?"

"எழுதிக்கோ. உள்ளதத்தான சொல்றேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா வராதா என்று பேசுகிற மாதிரிதான் சொன்னார். பானு நோட்டில் குறித்துக்கொண்டாள். அவர் பேச்சை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி அனுப்பினாள்.

கட்டுரை வந்ததும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதிகாரிகள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பானுவுக்குப் பாராட்டும் வந்தது, வசவும் வந்தது. பேர் சொல்லாத ஒருத்தன் போனில் கேட்டான்: "உனக்கின்னாம்மா எங்க ஊரு பஞ்சாயத்து? உங்க பள்ளிவாசல்ல பொம்பளைங்கள உள்ள வுடறாங்களா? மொதல்ல அத எழுது."

மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது ரசூலிடம் சொல்லிப் பொருமினாள். அவன் ஸ்க்ரூ முடுக்குவதை நிறுத்தவில்லை.

"கெட்ட எண்ணத்துலதான் கேட்டிருக்கான். ஆனா கேள்வி தப்பில்லையே."

"எழுதினா ஜமாத்துல உங்களத்தான் நிக்க வெச்சுக் கேப்பாங்க."

"கேக்கட்டும். கிரைண்டர் ஓடலன்னா எங்கிட்டதான வந்தாகணும்."

பானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. எத்தனை வருஷமாகப் பள்ளிவாசலைத் தாண்டிப் போகிறாள்! அது எழுத வேண்டிய விஷயம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

தெருப் பெண்களிடம் பேசினாள். பலர் எதுக்கு வம்பு என்று நகர்ந்தார்கள். டீச்சர் அஸ்பியா மட்டும் ஒளிக்காமல் சொன்னாள்: "நான் வூட்லயே தொழுதுக்குவேன். வெளியூர்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எங்க போவாங்க? பஸ் ஸ்டாண்டு மரத்தடில துப்பட்டாவ விரிச்சுத் தொழறாங்க." பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லியிடமும் பானு நேரில் போய்க் கேட்டாள். "வேணாம்னு யாரும்மா சொன்னா? எடம் இல்ல," என்றார். அதையும் அப்படியே எழுதினாள்.

கட்டுரை வந்த பிறகு கொஞ்ச காலம் ரசூலுக்கு சலாம் சொல்லக்கூட ஆளில்லை. அவன் வழக்கம்போலக் கடையைத் திறந்தான்.

அதற்குள் மினி பஸ் காலனிக்குப் போக ஆரம்பித்தது. பானுவும் கலைச்செல்வியோடு ஒருநாள் காலனியில் ஏறினாள். பிள்ளையார் கோயிலில் ஊர்ப் பெண்கள் ஏறினார்கள். கலைச்செல்வி நகர்ந்து இடம் விட்டாள். ஒருத்தி பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அனந்தபுரம் வரைக்கும். கத்தரிக்காய்க் கூடையோடு வந்த இன்னொருத்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தாள். கலைச்செல்வி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிப்பது பானுவுக்குத் தெரிந்தது.

ரமலானுக்கு முன்னால் முத்தவல்லியே ஆள் வைத்து, மதரசாவை ஒட்டிய அறையைப் பெண்கள் தொழுவதற்காகக் காலி செய்தார். தட்டுமுட்டுச் சாமானெல்லாம் வெளியே போனது. தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யக் குழாய் போட்டு, வாசலில் திரை கட்டினார்கள். மனசோடு செய்தாரா, பேச்சுக்குப் பயந்து செய்தாரா என்று பானு ஆராயவில்லை.

அறை திறந்த முதல் நாள் மத்தியான லுஹர் தொழுகைக்கு அதிகம் பேர் வரவில்லை. அஸ்பியா, பானு, கைக்குழந்தையோடு திண்டிவனத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண். தொழுகை நடுவில் குழந்தை தவழ்ந்து வந்து பானுவின் பாய் மேல் உட்கார்ந்துகொண்டது. நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்யும்போது அதை இடிக்காமல் பார்த்துக்கொண்டாள். தொழுது முடித்ததும் மூவரும் உடனே கிளம்பவில்லை. புது ஃபேனுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தைக்கு இன்னா பேர், எத்தனை பல்லு முளைச்சிருக்குது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.