செல்லாக்காசுக்கு ஒரு பொட்டு

எங்கள் அப்பாவைப் புதுக்கோட்டைக் கடைவீதியில் பாதிப் பேர் செல்லாக்காசு என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மீதிப் பாதிப் பேர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பட்டத்தை முதலில் கட்டியவர் யாரோ அந்நியர் இல்லை, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பாதான். இன்று அவர் இருந்தால், நானா சொன்னேன் என்று சத்தியம் செய்வார். சொன்னார். இந்த இரண்டு காதாலும் கேட்டேன்.

பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பொதுவாக ஒரு பாத்திரக்கடை இருந்தது. ஓட்டைச் செம்பையும் நசுங்கிய குடத்தையும் கொண்டுவந்து எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிப் போக ஜனங்கள் வருவார்கள். பழையதோடு பழையதாகச் சுருக்குப்பையிலிருந்து செப்புக்காசுகளும் தராசுத் தட்டில் விழும். பெரியப்பா அவற்றையும் எடையோடு சேர்த்து உலைக்கு அனுப்பிவிடுவார். அப்பாவோ, உலைக்குப் போகிற சாக்கை அவிழ்த்து, காசுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, அதே எடைக்குத் தன் பங்குச் செம்பைப் போட்டுக் கட்டுவார். இதை எந்த அண்ணன் பொறுத்துக்கொள்வான்?

பொறுக்கிய காசுகளைக் காகிதப் பொட்டலங்களில் மடித்து, பொட்டலத்தின் மேல் முத்து முத்தாக எழுதிவைப்பார். என்ன காசு, எந்த ஊரில் கிடைத்தது, என்ன விலை. பிறகு மதுரைக்கும் மதராஸுக்கும் கார்டு போடுவார். எங்கோ ஒரு வக்கீல், எங்கோ ஒரு டாக்டர், பழைய காசு சேர்க்கிற பைத்தியம் பிடித்தவர்கள், எப்போதாவது ஒன்றிரண்டு கேட்டு வாங்குவார்கள். கடையின் மூலையில் ஒரு மரப்பெட்டி, அதுதான் அப்பாவின் வியாபாரம்.

அந்தப் பெட்டிக்குச் சட்டம் ஒன்று உண்டு. காசைக் கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது. புளி போட்டுத் தேய்த்தே சோறு தின்ற குடும்பத்தில் இப்படி ஒரு சட்டம்! அழுக்குத்தான் காசுக்கு வயசு என்பார் அப்பா. அம்மாவுக்கு இதில்தான் தாங்கமுடியாத வருத்தம். ஏனென்றால் பெட்டியில் பாதி, எங்கள் சமஸ்தானத்து அம்மன் காசு. கட்டைவிரல் நகத்தளவு செப்புக்காசு. ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு சேர்த்து இதைத்தான் கொடுப்பார்கள். கடைவீதியில் செல்லும். சமஸ்தானத்து எல்லையைத் தாண்டினால் செல்லாது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அம்மனை மூளியா வச்சிருக்கீங்களே, ஒரு பொட்டு வச்சா என்ன?" என்பாள் அம்மா.

"பொட்டு வச்சா காசு கெட்டுப்போகும்."

"பொட்டு வச்சு யாரு கெட்டுப்போயிருக்கா?"

அப்பா பெட்டியைப் பூட்டிக்கொள்வார்.

அது சண்டைக்காலம். ஜெர்மன்காரன், ஜப்பான்காரன் என்று எல்லோரும் பேசினார்கள். எங்கள் வீட்டில் செம்பு என்று மட்டுமே பேசினார்கள். செம்பு விலை ஏறிக்கொண்டே போனது, கிடைப்பதும் நின்றுபோனது. அந்தச் சமயத்தில்தான் திருவரங்குளத்திலிருந்து ஒரு பெண் ஓட்டைச் செம்பு ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். அதற்குள் வழுவழுவென்று ஒரு செப்புத்துண்டு ஒட்டிக்கிடந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சாயங்கால வெயிலில் சாய்த்துப் பிடித்தார். அப்போது எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் பொரிகடலை தின்றுகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, இங்கிட்டு வா. இது எந்திரத்துல அடிச்சதில்ல. சுத்தியலால அடிச்ச காலத்து அம்மன் காசு. நம்ம ஊருல இன்னொண்ணு இருக்காது. அந்தா, கால மடிச்சு உக்காந்திருக்கா பாரு. தெரியுதா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தேய்ந்துபோன புளியங்கொட்டை மாதிரி இருந்தது. ஆனால் அப்பாவின் முகம் அப்படி இருக்கும்போது தெரியவில்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

"தெரியுதுப்பா," என்றேன். அதோடு விட்டேனா? "மூக்குத்தி கூடத் தெரியுது," என்றேன்.

அன்றிலிருந்து அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் காசைக் காட்டி, யாராவது முகத்தைச் சுளித்தால், "எம் மகளுக்குத் தெரியுதுய்யா, ஒனக்குத் தெரியலையா?" என்பார். நான் பாத்திர அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

பெரியப்பாவுக்குப் பொறுமை தீர்ந்தது. திருச்சியில் காசு சேர்ப்பவர்களும் விற்பவர்களும் கூடுகிற கண்காட்சி ஒன்று நடக்கப்போவதாக அப்பாவுக்குக் கடிதம் வந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"போய்ட்டு வா. மெட்ராஸ்காரவுக எல்லாம் வாராகல்ல? நிரந்தரமா வாங்குறதுக்கு ஒரு ஆளைப் பிடிச்சுக்கிட்டு வா. இல்லைன்னா திங்கக்கிழமை ஒம் பெட்டி உலைக்குப் போகுது. செல்லாக்காசெல்லாம் சேத்து வச்சு நீயும் ஒரு செல்லாக்காசா ஆயிட்டே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரிண்ணே," என்றார்.

அப்பா தண்ணீர் குடிக்கப் போனாலும் பெட்டிக்கு ஒரு காவல் வேண்டும். அண்ணன்மார்களைப் பெரியப்பா கடையை விட்டு அனுப்பவில்லை. அதனால் நான் போனேன். கிளம்பும்போது அம்மா என் பாவாடை நாடாவில் ஒரு சிறிய பொட்டலத்தை முடிந்தாள். திருக்கோகர்ணத்து அம்மன் குங்குமம். "இன்னக்கி வெள்ளிக்கிழமை. அப்பா பாக்காதப்ப அந்தத் திருவரங்குளத்துக் காசுக்கு ஒரு பொட்டு வச்சுரு. நெத்தியில சின்னதா. அவ பாத்துக்குவா," என்று காதில் சொன்னாள்.

பெட்ரோல் கிடைக்காத காலம். கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். திருச்சியில் இறங்கும்போது அப்பாவின் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் முறுக்கு வாங்க என்னிடமிருந்த அம்மன் காசுகளை நீட்டினேன். "இது இங்கன செல்லாது பாப்பா," என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். எங்கள் ஊர் அம்மனை வேண்டாம் என்ற அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தில் நடந்தது. வரிசையாகப் பெஞ்சுகள். வெல்வெட் தட்டுகளில் தங்கமும் வெள்ளியுமாக ராஜாக்கள் தலை தலையாய்ப் படுத்திருந்தார்கள். விமானம் குண்டு போடும் என்ற பயத்தில் ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். அழுதுவடிகிற வெளிச்சம். கடைசிப் பெஞ்சில் எங்களுக்கு இடம். அப்பா அம்மாவின் பழைய நீலப் புடவைத் துண்டை விரித்து, காசுகளைப் பரப்பி, நடுவில் அந்தத் திருவரங்குளத்துக் காசை வைத்தார்.

மத்தியானம்வரை ஒருவரும் நிற்கவில்லை. பிறகு மதராஸிலிருந்து வந்த ஒரு பெரியவர், கையில் பூதக்கண்ணாடியோடு, பின்னால் ஏழெட்டுப் பேர் தொடர வந்தார். அவர் ஒரு காசைப் பார்த்து நல்லது என்றால் நல்லது, போலி என்றால் போலி. அப்பா எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

பெரியவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்குக்கு நேரே பிடித்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே. வெறும் செப்புத்துண்டு," என்றார். கெட்ட மனிதர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

"வெயில்ல சாச்சுப் பாத்தா தெரியுதுங்க. எம் மகளுக்குக்கூடத் தெரியுதுங்க."

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். பெரியவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"அப்படியா? உனக்குத் தெரியுதா பாப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது சந்தேகம் இல்லை, முழு நம்பிக்கை. அதுதான் என்னை அடித்துப்போட்டது. மூக்குத்தி கூடத் தெரிகிறது என்று சொன்ன வாய் அப்போது திறக்கவில்லை. என் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. காசை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "தண்ணி குடிச்சிட்டு வாரேன், பாத்துக்க ஆத்தா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தேன். பெட்டி முழுவதும் உலையில் உருகுவதும் பெரியப்பா கைகொட்டிச் சிரிப்பதும் என் கண்முன் வந்தன. எல்லாம் என்னால்.

அப்போதுதான் அம்மா முடிந்த பொட்டலம் நினைவுக்கு வந்தது. அவிழ்த்தேன். மோதிரவிரலில் குங்குமத்தைத் தொட்டேன். நெற்றியில் சின்னதாக என்று சொல்லியிருந்தாளே, நெற்றி எங்கே? எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால்? தப்பித் தவறிக் காலில் வைத்துவிட்டால் அம்மனுக்குக் கோபம் வராதா? யோசித்துப் பார்த்தேன். முழுவதும் பூசிவிட்டால் எங்கேயாவது நெற்றியில் பட்டுத்தானே ஆகவேண்டும்? இந்த யோசனை எனக்கு அப்போது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. பொட்டலம் முழுவதையும் காசின் மேல் கொட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய் தேய் என்று தேய்த்தேன். "தாயே, நான் பொய் சொன்னதுக்கு எங்கப்பாவ ஒண்ணும் செஞ்சிராத," என்று வேண்டிக்கொண்டேன்.

நிமிர்ந்தால், அப்பா வந்துகொண்டிருந்தார்.

கை, பாவாடை, நீலத்துணி எல்லாம் சிவப்பு. அவசரத்தில் காசைப் பாவாடையில் இழுத்துத் துடைத்தேன். அப்பா பார்த்துவிட்டார். காசைத் தொட்டாலே கத்துகிறவர்! பிள்ளைகளை அடித்தே அறியாத அப்பா கையை ஓங்கினார்.

"அடிப்பாவி, எங் குடியக் கெடுத்திட்டியே!"

அந்தச் சத்தத்தில் கூடமே திரும்பியது. பெரியவரும் திரும்பி வந்தார். என் கையிலிருந்த காசை அவர்தான் முதலில் பார்த்தார்.

"இருங்க. அடிக்காதீங்க. அதை இப்படிக் கொடு பாப்பா."

மேட்டில் இருந்த குங்குமம் பாவாடையோடு போய்விட்டிருந்தது. பள்ளத்தில் இருந்தது போகவில்லை. மடித்த கால் ஒன்று, தூக்கிய கை ஒன்று, இடுப்பு வளைவு, தலைக்கு மேல் கூம்பாக ஒரு கிரீடம். செக்கச் செவேலென்று அம்மன் உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தி மட்டும் இல்லை.

பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் தப்பாச் சொல்லிட்டேன் ஐயா," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். "யார் இந்தக் குங்குமம் வச்சது?"

"எம் மக," என்றார் அப்பா. ஓங்கிய கை இன்னும் முழுதாக இறங்கவில்லை. யாரும் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னார். "எம் மகதாங்க."

அதற்குப் பிறகு எங்கள் பெஞ்சைச் சுற்றி நிற்க இடமில்லை. ஆளாளுக்கு அந்தக் காசைப் பார்க்கவேண்டும், என்னைப் பார்க்கவேண்டும். கை கழுவிக்கொண்டு வா என்று அப்பா என்னைக் குழாயடிக்கு அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது பெரியவர் ஒரு காகிதத்தில் நிறைய எழுதி அப்பாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். இனி என்னென்ன காசு கிடைத்தாலும் தனக்கு அனுப்பவேண்டும் என்ற பட்டியல் அது. நீலத்துணியின் நடுவில் அம்மன் காசு இல்லை.

பஸ்ஸில் கேட்டேன். "அம்மன் எங்கப்பா?"

"சேர வேண்டிய எடத்துல சேந்துட்டா," என்றார் அப்பா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முகமே தெரியாதவளுக்கு முகம் கொடுத்தவள் நான், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டாரே! மாத்தூர் வரைக்கும் பேசவில்லை. அதன் பிறகு பசித்தது.

திங்கட்கிழமை உலைக்குப் பெட்டி போகவில்லை. அந்த மாதமே கடை வாசலில் ஒரு பலகை ஏறியது. 'பழைய காசுகள் வாங்கப்படும், விற்கப்படும்.' எழுத்து அப்பாவுடையது, ஆணி அடித்தவர் பெரியப்பா. பிற்பாடு வெளியூர்க்காரர்கள் வந்தால், "நாங்க காசு யாவாரம்ங்க, பாத்திரம் சும்மா பேருக்கு," என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னதும் அதே பெரியப்பாதான். அப்பா அதற்குப் பிறகு எத்தனையோ கண்காட்சிகளுக்குப் போனார். அவர் கைபட்ட காசு என்றால் பூதக்கண்ணாடி வேண்டாம் என்று பெயர் எடுத்தார். எந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஆனால் அந்த ஒரு குறை மட்டும் மனசில் கிடந்தது. வியாபாரி காசை வைத்துக்கொள்ளக் கூடாது, வைத்துக்கொண்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று அப்பா எல்லோருக்கும் சொல்வார். அதன்படியே ஒரு காசுகூடத் தனக்கென்று வைத்ததில்லை. நவராத்திரி வரும்போதெல்லாம், மதராஸில் யாரோ ஒரு வீட்டு அலமாரியில் என் அம்மன் பொட்டு அழிந்து கிடக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்ற பிறகும் நினைத்துக்கொண்டேன்.

அப்பா காலமான பிறகு பெட்டியை ஒழித்துக்கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். எல்லாம் விற்றுத் தீர்ந்து, பெட்டி காலியாகத்தான் இருந்தது. அடியில் விரித்திருந்த நீலப் புடவைத் துண்டை உதறியபோது ஒரே ஒரு பொட்டலம் கீழே விழுந்தது. பிரித்தேன். குங்குமம் கறுத்திருந்தது. அம்மன் கால் மடித்து உட்கார்ந்திருந்தாள்.

மேலே வழக்கம்போல முத்து முத்தாக எழுதியிருந்தார்.

'அம்மன் காசு, மிகப் பழையது. ஊர்: திருவரங்குளம். பொட்டு வைத்தது: சின்னவள். விலை: செல்லாது.'