நெருப்புக் கக்கிய மாப்பிள்ளைக் கார்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாலை நெரிசலில் மாட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் தரையோடு தரையாகப் பதிந்த ஒரு கார். பச்சை விளக்கு விழுந்ததும் சீறிப் பாய்ந்தது. முன்னே ஒரு பேருந்து நிற்பதைப் பார்த்து, ஓட்டிய பையன் சட்டென்று காலை எடுத்தான். படாரென்று ஒரு வெடி, பின்குழாயிலிருந்து மஞ்சளும் நீலமுமாக ஒரு தீ நாக்கு. பூக்கடை அக்கா "அம்மாடி!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். நீங்களாக இருந்தால் அந்தப் பையனின் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பீர்கள். நானோ கண்ணாடியை இறக்கி, அந்தப் பெட்ரோல் வாடையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டேன். என் கல்யாணமே அந்த வாடையால்தான் நின்றுபோகப் பார்த்தது.

வாடை என்றால் எனக்கு முதலில் அப்பாவின் சட்டைதான். அப்பா கிள்ளானில் பொம்பாக்காரர். தீயணைப்பு வீரர் என்றால் உங்களுக்குப் புரியும், எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், 'பொம்பா அங்கிள்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அம்மா எவ்வளவு ஊறவைத்துத் துவைத்தாலும் அந்தச் சட்டையில் புகை வாடை போகாது. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கம்பி மத்தாப்பு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அம்மா சூடம் காட்டும்போதுகூட எல்லாரும் சாமியைப் பார்ப்போம், அப்பா திரைச்சீலையைப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவரின் மகள் போய் யாரை விரும்பினேன் தெரியுமா? வாரமெல்லாம் சம்பாதித்ததை ஞாயிற்றுக்கிழமை காரின் வயிற்றில் கொட்டுகிற ஒருவரை.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை. நான் அலுவலகத்தில், சேகர் இயந்திரப் பிரிவில். அவருடைய பழைய டர்போ கார் நன்றாகவே நெருப்புக் கக்கும். பெண் கேட்டு வருகிற அன்று, "லோரில வேணும்னாலும் வாங்க, அந்தக் கார்ல மட்டும் வராதீங்க" என்று கெஞ்சினேன்.

"மறைச்சு வெச்சுப் பொண்ணு கேக்க மாட்டேன் லா. மெதுவா ஓட்டிட்டு வரேன்."

சொன்னபடி மெதுவாகத்தான் வந்தார். முன்னிருக்கையில் அவர் அம்மா, மடியில் பழத்தட்டு. வினை எங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது. வாசலில் நின்ற அப்பா, "வாங்க" என்று சொல்வதற்கு முன்பே காரின் உறுமலைக் காதில் பிடித்துவிட்டார்.

"எக்சோஸ்ல ஏதோ கோளாறு தம்பி. நல்லா மிதிச்சு விடு, பாப்போம்" என்று பின்பக்கம் போனார்.

வருங்கால மாமனாரின் பேச்சைத் தட்ட முடியுமா? "தள்ளி நில்லுங்க அங்கிள்" என்று பரிதாபமாகச் சொல்லிவிட்டு சேகர் மிதித்தார், விட்டார். படார்! அப்பாவின் ரோஜாத் தொட்டியில் நாலைந்து இலை கருகின. அப்பா உள்ளே ஓடியதும் தெரியவில்லை, தீயணைப்புக் கருவியோடு வந்ததும் தெரியவில்லை. கார், கேட், பழத்தட்டு எல்லாம் ஒரே வெள்ளைத் தூள்.

கண்ணாடியை இறக்கி வைத்திருந்த சேகரின் அம்மா தலையோடு கால் வெள்ளையாக இறங்கினார். ஓர் ஆப்பிளைத் துடைத்துக்கொண்டே, "திருநீறு பூசிட்டீங்க சம்பந்தி. இனி காரியம் நல்லா நடக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாவுக்கு இரண்டுமே வரவில்லை.

"நெருப்புக் கக்குற வண்டில எம்பொண்ண ஏத்த மாட்டேன்."

அவர் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். சேகர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், மனிதர் பாடம் நடத்தத் தொடங்கினார். மிதித்த காலை எடுக்கும்போது கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியே போய்விடுமாம். எக்சோஸ் குழாய் கொதித்துக் கிடக்கும், அங்கே காற்றும் சேர்ந்தால் குப்பென்று பிடிக்கும். பந்தயக் கார்களில் வேண்டுமென்றே இப்படிச் செய்வதுண்டு. குழாய்க்குள் எரிகிற தீ டர்போவின் சக்கரத்தைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும், மறுபடி மிதித்ததும் வேகம் உடனே வரும்.

"நீ பந்தயமா ஓட்டுற?" என்றார் அப்பா.

"இல்ல அங்கிள்."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மா ஷோவுக்குத்தான். பாக்க அழகா இருக்கும். இஞ்சினுக்குக் கேடு, அதுவும் தெரியும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்பா என் அம்மாவின் பக்கம் திரும்பினார். "தீ எப்படிப் புடிச்சுச்சுன்னு எத்தன பேரக் கேட்டிருப்பேன். எல்லாரும் தெரியாது தெரியாதுன்னுதான் சொன்னானுங்க. இவன் ஒருத்தன்தான் தெரியும்ங்கிறான்." ஆனாலும் சரி என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மாலை, எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்குக் காரைக் கொண்டுவரச் சொன்னார். காய்ந்த புல் கிடக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார், கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார், கையசைத்தார். சேகர் மிதித்து விட்டார். தீ எட்டிப் பார்த்தது, எதையும் தொடாமல் தானே அடங்கியது.

அப்பா கருவியைக் கீழே வைத்தார். "இத்தன நாளு நெருப்புன்னா அணைக்கத்தான் ஓடிருக்கேன். நின்னு பாத்தது இதான் மொத தடவ." பிறகு சேகரின் தோளில் தட்டினார். "கல்யாணத்துக்கு முன்ன இத நிறுத்திரு. ஒங்கம்மாவ நாள் பாக்கச் சொல்லு, மாப்ள."

அப்பாவின் வாயில் 'தம்பி' 'மாப்ள' ஆனதைக் கேட்டு அந்தப் பொட்டலிலேயே நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பொட்டல் முழுக்க இப்போது கிடங்குகள். காரை மகள் பிறந்தபோது சுபாங் ஜெயாவில் யாருக்கோ விற்றுவிட்டோம். அந்த மகள் இப்போது ஓட்டுவது மின்சாரக் கார், அதற்கு எக்சோஸே கிடையாது. அப்பா இருக்கிறார், ஓய்வுபெற்று நன்றாகவே இருக்கிறார். முன்பெல்லாம் பொம்பா வண்டியின் சத்தம் கேட்டால் பாதிச் சோற்றில் எழுந்து வாசலுக்கு ஓடுவார், அந்த அப்பாதான் இப்போது இல்லை. நேற்றுகூடப் பெரிய சாலையில் சைரன் அலறிக்கொண்டு போனது. அப்பா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். "வேல தெரிஞ்ச பசங்கதான் போறானுங்க. பாத்துப்பானுங்க" என்றார்.